எண்ணிக்கை சரியாக இருந்த பட்டியல்

மகளுக்கு,

நீ அனுப்பிய பக்கத்தைக் கோவில் வாசல் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்து மூன்று நாளாகிறது. சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். சாரல் நின்ற பிறகும் தென்காசியில் இந்தக் காற்று நிற்கவில்லை, பறந்துவிடும். "எம்மா, ஒரு வாட்டி படிச்சுட்டு ஓகேன்னு மட்டும் அனுப்பு. வெள்ளிக்கிழமை வெளிய விடணும்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாய். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். ஆயுள் முழுக்கப் பரீட்சைத் தாள் திருத்தியவளுக்கு ஒரு பக்கம் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது என்று உனக்கே தெரியும். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. உன் ஆங்கிலம் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த 'ஓகே'யை அனுப்ப எனக்கு விரல் எழவில்லை. நீ எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டிருப்பதன் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பினால் நீ சமையல் குறிப்பைப் படிப்பது மாதிரி பாதியில் நிறுத்திவிட்டு, "ராத்திரி கூப்பிடுதேன்" என்பாய். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. என்னைப் போல ஊருக்கு ஒருவர் எதற்காவது ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு இருக்கிறார். அவர்கள் வீட்டுக்கும் உன்னைப் போல ஒரு பிள்ளை விடுமுறைக்கு வரும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லாரும் படிக்கிற திறந்த கடிதமாக எழுதுகிறேன். உன் பெயரையோ நீ வேலை பார்க்கும் இடத்தின் பெயரையோ எழுதவில்லை; என் பெயரையும் எழுதவில்லை.

படிக்கிறவர்களுக்காக உன் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெகுநாளாக எனக்கே தெரியாது. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டரில்" என்று சொல்லி வைப்பேன். இந்தச் சாரலுக்கு நீ இரண்டு வாரம் வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோதுதான் விளக்கினாய். "கம்ப்யூட்டருக்குள்ள ஒரு வேலையாள் இருக்குன்னு வச்சுக்கம்மா. ஏஜென்டுன்னு சொல்லுவோம். நாம பேச்சுல ஒரு வேலையச் சொன்னாப் போதும், எந்தக் கருவிய எடுக்கணும்னு அதுவே முடிவு பண்ணிச் செஞ்சிரும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் உண்டு. இது என்ன செய்யும், இதுக்கு என்ன குடுக்கணும், இது என்ன திருப்பித் தரும்னு. அந்தப் பக்கங்கள எழுதுததுதான் என் வேலை." இப்போது எழுதிக்கொண்டிருப்பது பட்டியலில் ஒரு வரியை நீக்கும் கருவிக்கான பக்கம் என்றாய். அதை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். "ஏஜென்ட்தான் படிக்கும்." மனிதர்கள் படிக்க மாட்டார்களா என்றேன். "மனுசங்க என்னைக்கும்மா படிச்சாங்க!" என்று சிரித்தாய்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் முதல் சந்தேகமும் அங்கேயே விழுந்தது. வகுப்பில் கையைத் தூக்கித் தூக்கிக் கேள்வி கேட்கிற பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்குக் கவலை இல்லை. எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு உடனே எழுத ஆரம்பிக்கிற பிள்ளையின் நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்க்க வேண்டும். நீ எழுதுவதைப் படிக்கப்போவது அப்படித் தலையாட்டுகிற பிள்ளை என்று எனக்குப் பட்டது. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மகள் இவ்வளவு ஆர்வமாகப் பேசும்போது குறுக்கே எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். இந்தக் கதையில் என்னுடைய முதல் தப்பு அது.

நம் ஊரில் வருடத்துக்குச் சில முறை கண் முகாம் நடக்கும். கண்புரை முற்றியவர்களைத் தேர்ந்து ஒரு தேதி சொல்லி, பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்து, மறுநாள் கட்டு அவிழ்த்துக் கொண்டுவந்து விடுவார்கள். ஓய்வுபெற்ற பிறகு நான் அவர்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறேன். பெயர், ஊர், வயது, எந்தக் கண், சர்க்கரை உண்டா, கூட வருபவர் யார், போன் எண். முதலில் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஏற்றக் கற்றுக்கொடுத்ததும் நீதான். இந்த முறை நாற்பத்திரண்டு பேர். அதில் நான்கு பேர் வரவில்லை என்றார்கள். ஏழாம் எண்காரருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. பன்னிரண்டாமவர் எதிர்வீட்டுப் போஸ்ட்மேன். திருநெல்வேலியில் தனியாகவே செய்துகொண்டு வந்துவிட்டார். பத்தொன்பது ராயகிரிக்காரர், வயலில் வேலை. முப்பதாமவர் ஆலங்குளத்து அம்மாள், பயம்.

பட்டியலை அனுப்ப வேண்டிய நாள் காலை நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீக்க வேண்டிய முதல் பெயரைத் தேடும்போதே நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "இங்கன கொண்டா. ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டு இருக்காத. என் கருவிக்கும் ஒரு சோதனை ஆச்சு" என்றாய். ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பது, இந்த நான்கு பேரையும் எடுத்துவிட்டு எண்களை ஒழுங்காக மாற்று என்று அந்த ஏஜென்டுக்குத் தட்டச்சு செய்தாய். என் காபி ஆறவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது. "எண்ணிப் பாத்துக்க" என்றாய். எண்ணினேன், முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டில் நாலு போனால் முப்பத்தெட்டு, சரி. இன்னும் ஒரு உறுதிக்காகப் போஸ்ட்மேன் பெயரைத் தேடிப் பார்த்தேன். இல்லை. அதுவும் சரி. "நல்ல வேலைக்காரன்தான்" என்று சொல்லிவிட்டு முகாம் நடத்துகிறவர்களுக்கு அப்போதே அனுப்பிவிட்டேன்.

பஸ் புறப்படும் காலையில் கல்யாண மண்டபத்து வாசலில் பெயர் வாசித்தார்கள். மூன்று பெயருக்கு யாரும் வரவில்லை. கேட்டால் அந்தச் சர்க்கரைக்காரர், ராயகிரிக்காரர், ஆலங்குளத்து அம்மாள். "இவங்கதான் வரலன்னு சொல்லியாச்சே தம்பி" என்றேன். பட்டியல் வைத்திருந்தவர், "உங்க லிஸ்ட்லதான் இருக்கு டீச்சர். நான் போன் போட்டப்ப அந்த அம்மா என்னைய ஏசுதாங்க, வரலன்னு ஒரு தடவ சொன்னாப் புரியாதான்னு" என்றார். அதே நேரம் இரண்டு பேர் தங்கள் பெயரை இன்னும் கூப்பிடவில்லையே என்று முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. என் பையில் பழைய துண்டுச் சீட்டுகள் இருந்தன. அங்கேயே படியில் பரப்பி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். காணாமல் போனவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் தேதியை நினைவு வைத்துத் தாமாகவே வந்துவிட்டார்கள். பஸ்ஸில் இடமும் இருந்தது, ஏற்றிவிட்டோம். மூன்றாவது சீட்டு, ரஹ்மத் பீவி, அச்சன்புதூர், வலது கண், கூட வருபவர் மகன். போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. கால் மணி நேரம் பஸ்ஸை நிறுத்தி வைத்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை.

சாயங்காலம் நீயும் நானும் பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்ன நடந்தது என்று நீ கண்டுபிடித்த விதத்தை நான் மெச்சத்தான் செய்தேன். படிக்கிறவர்களுக்கும் அது புரிய வேண்டும் என்பதால் என் பாணியில் சொல்கிறேன். உன் கருவி வரிகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். மேல் வரியில் தலைப்பு இருந்தால் அது பூஜ்யம். முதல் ஆள் ஒன்று, ஏழாம் ஆள் ஏழு. எல்லாம் பொருந்திவிடும். ஆனால் நான் எதை எழுதினாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடாமல் எழுதியதில்லை. அந்தப் பட்டியலிலும் முதல் வரியில் ஒரு 'உ', அடுத்த வரியில்தான் தலைப்பு. அதனால் எல்லாரும் ஒரு படி கீழே நின்றார்கள். ஏழை எடு என்றதும் என்னுடைய ஆறாவது ஆள் போய்விட்டார்.

குற்றாலத்தில் மெயின் அருவிப் பெண்கள் வரிசையை நினைத்துக்கொள். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கிறோம். நடுவில் ஒருவர் விலகினால் அந்த இடம் காலியாகவா இருக்கும்? பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் ஒரு அடி முன்னால் வந்துவிடுவார்கள். பட்டியலிலும் அதுதான் நடந்தது. ஆறாவது ஆள் போனதும் கீழே இருந்தவர்கள் ஒரு படி ஏறினார்கள். சுழியால் ஒரு படி இறங்கி நின்றவர்கள் இப்போது ஒரு படி ஏறியதால், பன்னிரண்டு என்றபோது சரியாகப் போஸ்ட்மேனே அகப்பட்டார். ஒரு தப்பை இன்னொரு தப்பு நேர் செய்துவிட்ட இடம் அது ஒன்றுதான். நான் பார்த்த பெயரும் அது ஒன்றுதான். அவரும் போனதும் எல்லாரும் மறுபடி ஒரு படி ஏறினார்கள். பத்தொன்பது என்றபோது இருபதாவது ஆளான ரஹ்மத் அக்கா போனார். முப்பது என்றபோது முப்பத்திரண்டாவது ஆள் போனார். பிறகு ஏஜென்ட் எண்களை ஒன்றிலிருந்து அழகாக மாற்றி எழுதிவிட்டதால், எந்த எண் காணவில்லை என்று பார்க்கிற வழியும் அடைபட்டுவிட்டது. பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை போனால் சிவப்பு மையில் கோடு போடுவோம். அந்த எண்ணை அந்த வருடம் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். ஏன் அப்படி என்று பணியில் இருந்த காலம் முழுக்க நான் யோசித்ததில்லை. அன்று சாயங்காலம் புரிந்தது.

அதற்குப் பிறகு நாம் சண்டை போட்டோம். "கருவி மேல தப்பு இல்லம்மா. குடுத்த நம்பரத்தான் அழிச்சிருக்கு. ஷீட்டுல போயி யாராச்சும் சுழி போடுவாங்களா?" என்றாய். "ஊர்ல எல்லாரும் போடுவாங்கட்டி. பக்கத்துத் தெருவுல 786 போடுவாங்க. எஸ்தர் டீச்சர் சிலுவை போடுவாங்க. நீ யாருக்குக் கருவி செய்யுத?" என்றேன். நகத்தைக் கடித்துக்கொண்டே, "கீழயிருந்து மேல அழிச்சிருந்தா வரி நகர்ந்திருக்காது. அப்ப போஸ்ட்மேன் பேரு அங்கனயே நின்னிருக்கும். நீ அப்பமே பிடிச்சிருப்ப" என்றாய். அது உன் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். நீ லேப்டாப்பை மூடிவிட்டாய்.

மறுநாள் அச்சன்புதூருக்குக் கிளம்பும்போது உன்னையும் கூப்பிட்டேன். மீட்டிங் இருக்கிறது என்றாய். இருந்திருக்கும். ஆனால் நான் செருப்பு மாட்டும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதையும் கவனித்தேன். அங்கே நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ரஹ்மத் அக்காவுக்கு இடது கண் சிறு வயதிலேயே அடிபட்டுப் போய்விட்டது. இருக்கிற ஒரே கண் வலதுதான். மகன் மூன்று வருடம் கழித்து வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். வந்த முதல் வாரமே ஆபரேஷன் முடிந்துவிட்டால் மீதி நாளெல்லாம் அவனைத் தெளிவாகப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் தேதிக்குக் காத்திருந்தார்கள். முந்தின நாள் மண்டபத்துக்கு வந்து கேட்டிருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்து, பெயர் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் பஸ் போன அன்று காலையிலேயே கடையநல்லூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன் வீட்டில் கிடந்திருக்கிறது.

மகன் மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டான். உடனே உள்ளே போய்விட்டான். அக்கா என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். "டீச்சரா? வாங்க. என் பேர எடுத்தது யாரு டீச்சர்?" என்றுதான் ஆரம்பித்தார்.

"மிஷின் தப்பா எடுத்துட்டுக்கா" என்றேன்.

அவர் சிரித்தார். கோபமாகச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழகிப்போன சிரிப்பு அது. "ரேசன் கடையில ரேகை விழல, மிஷினுங்கான். பேங்குக்குப் போனா சர்வர் இல்லங்கான். இப்ப நீங்களும் மிஷினுங்கீங்க. எனக்கும் மிஷினுக்கும் வாய்க்கா வரப்புச் சண்டையா டீச்சர்? யாரும் சொல்லாம அது எடுக்குமா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேற யாருக்கும் எடம் வேணும்னு என்னையத் தூக்குனீங்களா? சொல்லிருங்க. நான் கோவிக்க மாட்டேன். மவன் சண்டைக்குப் போறேன்னு நின்னான். டீச்சர் எழுதுன லிஸ்ட்டுல்லா, காரணம் இருக்கும்னு நான்தான் அடக்கி வச்சேன்" என்றார்.

என்னை ஒருவர் அப்படிச் சந்தேகப்பட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை. அவர் சந்தேகப்பட்டதில் நியாயமும் இருந்தது. எழுந்திருக்கும்போது, "தாடி வச்சிருக்கானாம். நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு அங்கன ஒரு கறுப்பு மட்டுந்தான் தெரியுது" என்றார். ஒன்பது நாள் கழித்து அவன் விமானம் ஏறிவிட்டான். அந்த முகத்தைச் சரியாகப் பார்க்காமலேயே அனுப்பி வைத்தார்.

இவ்வளவும் தெரிந்தவளாக நீ அனுப்பிய புதுப் பக்கத்தைப் படித்தேன். இதெல்லாம் தெரியாத வேறொருவர் எழுதிக் கொடுத்தது போல இருக்கிறது. "குறிப்பிட்ட எண்ணுள்ள வரியை நீக்கும்" என்கிறாய். எங்கிருந்து எண்ணிய எண்? தலைப்பைச் சேர்த்தா, விட்டா? ஒன்றுக்கு மேல் நீக்கினால் மற்றவை நகரும் என்ற பேச்சே இல்லை. அழித்த பிறகு "வெற்றி" என்று திருப்பிச் சொல்லும் என்கிறாய். யாரை எடுத்தேன் என்று சொல்லாமல் வெற்றி என்று மட்டும் வந்து நிற்கிற வேலையாளை வீட்டுக்குள் விடுவாயா? மரத்தில் பட்டுப்போன கிளையை வெட்டச் சொன்னால், வெட்டிய கிளையைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டுக் காட்டுகிறவனுக்குத்தான் அடுத்த முறையும் வேலை கொடுப்போம். கடைசியில் "கவனமாகப் பயன்படுத்தவும்" என்று ஒரு வரி. அந்த வார்த்தையை நான் நன்றாக அறிவேன். என்ன பிழை என்று எழுத நேரமோ மனமோ இல்லாத நாளில் விடைத்தாளின் ஓரத்தில் நானும் எழுதியிருக்கிறேன், 'கவனம்' என்று. எந்தப் பிள்ளையும் அதைப் படித்துத் திருந்தியதில்லை. என் கடமை முடிந்தது என்று எனக்கு மட்டும் ஒரு நிம்மதி.

போனில் கேட்டபோது, "பக்கம் நீளமா இருக்குன்னு இன்சார்ஜ் வெட்டச் சொல்லுதாரும்மா" என்றாய். வெட்டட்டும். ஆனால் எதை வெட்டக் கொடுத்தாய் என்பதுதான் என் கேள்வி. நீ வந்திருந்தபோது குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கினோமே, ஒவ்வொரு பழமாக அழுத்திப் பார்த்து, "அண்ணாச்சி, இது கல்லா இருக்கு, மாத்திக் குடுங்க" என்று நான்கைத் திருப்பிக் கொடுத்தாய். அவர் அலுத்துக்கொண்டார், நீ விடவில்லை. அந்தச் சந்தேகம் உனக்கு இயல்பாகவே உண்டு. பழத்துக்குக் காட்டியதை உன் கருவிக்கும் காட்டு. அழிக்கும் முன் அந்த வரியைப் படித்துக் காட்டி, இவரைத்தானா என்று கேட்கச் சொல். அழித்த பின் யார் போனார் என்று பெயரோடு சொல்லச் சொல். பல பேரை எடுப்பதென்றால் அடியிலிருந்து எடுக்கச் சொல். போனால் திரும்ப வராது என்றால் அதைப் பூசி மெழுகாமல் எழுது. தலையாட்டுகிற பிள்ளைக்கு எழுதும்போது, அது கேட்காத கேள்வியையும் சேர்த்து நாம்தான் எழுத வேண்டும்.

இதெல்லாம் பக்கத்தைப் பற்றிய திருத்தம். சொல்ல வந்தது இது இல்லை. அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்; உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன், ஒன்பதாம் வகுப்பில் செல்வி என்று ஒரு பிள்ளை. தொடர்ந்து பல நாள் வரவில்லை. அப்படி வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்துவிட்டுத்தான் பெயரை அடிக்க வேண்டும். மாத முடிவு, பதிவேட்டை முடிக்கிற அவசரம். விசாரிக்காமலேயே அடித்துவிட்டேன். அவளுக்கு மஞ்சள் காமாலை. தேறி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் வருகை எடுத்தேன். அவள் பெயர் வரவில்லை. எழுந்து நின்று, "என் பேரு விட்டுப்போச்சு டீச்சர்" என்றாள். பதிவேடு என் முன்னால் திறந்திருந்தது. சிவப்புக் கோட்டுக்கு அடியில் அவள் பெயர் அப்படியே தெரிந்தது. பேனா என் கையில் இருந்தது. "ஆபீஸ்ல எடுத்துட்டாங்க. பெரிய டீச்சரப் போய்ப் பாரு" என்று சொன்னேன்.

அவள் தலைமையாசிரியையிடம் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை. நானும் தேடிப் போகவில்லை. போனால், எடுத்தது ஆபீஸ் இல்லை, நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகிற சமயம். ஒரு பெயரை அடித்தது பிழை. திருத்த அரை நிமிடம் போதும். ஆபீஸ் என்று சொன்னதுதான் அவளைப் பள்ளியைவிட்டு அனுப்பியது. அச்சன்புதூரில் "மிஷின் எடுத்துட்டு" என்று என் வாயிலிருந்து வந்ததும் எனக்குச் செல்விதான் நினைவுக்கு வந்தாள். அதே வாக்கியம், ஆபீஸ் இருந்த இடத்தில் மிஷின்.

இப்போது நேராகக் கேட்கிறேன். ரஹ்மத் அக்கா விஷயத்தை உன் அலுவலகத்தில் சொன்னாயா? சொல்லவில்லை என்றே சந்தேகப்படுகிறேன். சொல்லியிருந்தால் இந்தப் பக்கம் இப்படி இருந்திருக்காது. எவ்வளவு குட்டையாக வெட்டினாலும் ஒரு வரியாவது நின்றிருக்கும். இது உனக்கு வேலை உறுதியாகிற மாதம் என்று எனக்குத் தெரியும். நீ வேலை பார்த்த கருவி முதல் சோதனையிலேயே மூன்று நோயாளிகளைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது என்று இந்த நேரத்தில் போய்ச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். அம்மாவின் ஷீட்டில் கோளாறு என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டால் எவ்வளவு லேசாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்கு அது நன்றாகத் தெரியப்போகிறது? என் சந்தேகம் தப்பாக இருந்தால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் மூன்று நாளாக ஆசைப்படுகிறேன். சரியாக இருந்தால், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போய்ச் சொல். சுழி போட்டது அம்மா, பெயர்களைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்ததும் அம்மா என்பதையும் சேர்த்துச் சொல். என் பங்கை நீ மறைக்க வேண்டாம். உன் பங்கை நான் மறைக்க மாட்டேன்.

அடுத்த முகாம் இந்த வாரம்தான். ரஹ்மத் அக்காவைப் போய்க் கூப்பிட்டேன். முதலில் வரவில்லை என்றார். கூட வர இனி யார் இருக்கிறார்கள் என்றார். நான் வருகிறேன் என்றேன். பிறகு, "நீங்க வந்தா வாரேன். மிஷின அனுப்பிராதீங்க" என்றார். முகாம் பட்டியலில் 'கூட வருபவர்' என்ற இடத்தில் முதல் முறையாக என் பெயரை எழுதியிருக்கிறேன். இந்த முறை அனுப்புவதற்கு முன் எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்து, அவரவருக்குப் போன் போட்டு உறுதி செய்தேன். தொண்டை கட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பஸ். ஆஸ்பத்திரிக்குப் போனதும் போனை அணைத்து வைத்துவிடுவேன். ஆகவே அன்று என் ஓகேக்காகக் காத்திருக்காதே, அது வராது. சனிக்கிழமை காலை கட்டு அவிழ்ப்பார்கள். முதலில் மகனை வீடியோவில் கூப்பிட்டுத் தர வேண்டும் என்று அக்கா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். அவன் பேசி முடித்த பிறகு உன்னைக் கூப்பிடப்போகிறோம். தன் பெயரை எடுத்தது யார் என்று அவர் உன்னிடம் கேட்பார். அதற்குள் நீ சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டிருந்தால், அழைப்பை எடு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே. முகம் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்.

அம்மா